தண்ணீர் போட்ட சாலை

யூரே என்ற சிற்றூரை விட்டுத் தெற்கே கிளம்பி, சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும், சாலையின் வலப்பக்கம் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. தடுப்புக் கம்பி கிடையாது. கைப்பிடிச் சுவர் கிடையாது. ஒரு வெள்ளைக் கோடு, அதைத் தாண்டி ஒரு சாண் தார், அதையும் தாண்டினால் அன்கம்பாக்ரி ஆற்றின் பள்ளம். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், தெற்கே போகிறவர் விளிம்பை ஒட்டித்தான் போக வேண்டும். எதிரே இறங்கி வருகிறவருக்குப் பாறைச் சுவர் துணை இருக்கிறது, ஏறுகிறவருக்கு ஆகாயம்தான்.

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், சான் ஹுவான் மலைகளுக்குள் ஓடும் 550-ஆம் எண் நெடுஞ்சாலை இது. யூரேயிலிருந்து சில்வர்ட்டன் வரையிலான சுமார் 40 கிலோமீட்டரை ‘மில்லியன் டாலர் நெடுஞ்சாலை’ என்கிறார்கள். நடுவில் செம்மலைக் கணவாய், 3,358 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வண்டியை நிறுத்திவிட்டு நாலு எட்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். நம் உயரக் கணக்கில் சொன்னால், சில்வர்ட்டன் ஊரே 2,840 மீட்டரில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஆனைமுடியின் உச்சிக்கும் மேலே ஒரு ஊர், அதில் கடைத்தெரு, தபால் நிலையம், பள்ளிக்கூடம்!

தடுப்புக் கம்பி ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் எளிது. குளிர்காலத்தில் சாலையில் விழும் பனியை வழித்துத் தள்ள ஓர் இடம் வேண்டும். ஒரு பக்கம் பாறை; மறுபக்கம் கம்பி போட்டால் பனி அதில் முட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பு திறந்திருந்தால்தான் பனி வழிக்கும் வண்டி அதைப் பள்ளத்தில் தள்ள முடியும். கம்பத்தை ஆழமாக ஊன்றுவதற்குச் சாலையின் ஓரத்தில் போதிய அகலமும் இல்லை. கோடையில் ஏறுகிறவரின் வயிற்றைக் கலக்குவது ஜனவரியில் பெய்யும் பனிதான்.

இந்தச் சாலையைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. இங்கே எதைக் கேட்டாலும் பதில் தண்ணீரில் போய்த்தான் முடிகிறது. மலைக்குள் வெள்ளியும் தங்கமும் வந்தது எப்படி? தண்ணீரால். சாலை இந்தத் தடத்தில் போவது ஏன்? தண்ணீரால். சுரங்கம் மூடப்பட்டதற்கும், பனி வழிக்கும் வண்டிக்காரர்கள் செத்ததற்கும், ஓடைக்கல் ஆரஞ்சு நிறமாக இருப்பதற்கும் தண்ணீரே காரணம். வெந்நீர், பனிக்கட்டி, பனித்தூள், அமிலநீர் என்று வேடம்தான் மாறுகிறது.

வெந்நீரில் தொடங்குவோம்.

ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சான் ஹுவான் பகுதி எரிமலைக் காடாக இருந்தது. அந்தக் காலத்தில் இந்த மலைத்தொடரின் கிழக்கே லா கரிட்டா என்ற இடத்தில் நடந்த ஒரு வெடிப்பு, பூமியில் நடந்ததாக நாம் அறிந்த மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளில் ஒன்று. வெளியே வந்த சாம்பலும் பாறைக்குழம்பும் சுமார் 5,000 கன கிலோமீட்டர். அதைத் தமிழ்நாடு முழுவதும் சமமாகப் பரப்பினால் 38 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். பன்னிரண்டு மாடிக் கட்டடம் மூழ்கிவிடும்.

சில்வர்ட்டன் பக்கம் நடந்தவை அதைவிடச் சிறியவை, ஆனால் அதே வகை. நிலத்தடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு வெடித்து வெளியேறியதும் கீழே இடம் காலியாகிறது. மேலே இருக்கும் நிலம் தாங்க ஆளில்லாமல் வட்டமாக உடைந்து உள்ளே இறங்குகிறது. உலை மூடி பானைக்குள் விழுந்ததுபோல. இப்படி அமிழ்ந்த வட்டத்தைப் புவியியலாளர்கள் ‘கால்டெரா’ என்கிறார்கள். அமிழும்போது அதன் சுற்றுவட்டத்தில் ஆழமான முறிவு ஏற்படுகிறது. பாறை நொறுங்கிக் கிடக்கிறது. அந்த முறிவிலிருந்து நாலாபுறமும் விரிசல்கள் கிளம்புகின்றன.

வெடிப்பு ஓய்ந்தாலும் அடியில் சூடு ஓயவில்லை. கால்டெரா அமிழ்ந்து 50 லட்சம் ஆண்டுக்குப் பிறகும், அதற்கும் வெகு காலம் கழித்தும், புதிய பாறைக்குழம்பு கீழே வந்து புகுந்தபடி இருந்தது. மழையும் பனியுமாக மண்ணுக்குள் இறங்கிய நீரும், பாறைக்குழம்பிலிருந்து கசிந்த நீரும் அந்தச் சூட்டில் கொதித்தன. மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை அழுத்திக்கொண்டிருந்ததால் 200, 300 டிகிரியிலும் அது ஆவியாகிப் பறக்கவில்லை. பிரஷர் குக்கருக்குள் இருப்பதுபோல் நீராகவே இருந்தது. அப்படிப்பட்ட நீருக்குக் கரைக்கும் சக்தி அதிகம். உப்பும் கந்தகமும் அதில் சேர்ந்துவிட்டால் வெள்ளி, ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் எல்லாவற்றையும் துளித்துளியாகச் சுமந்துகொள்ளும்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ளப் பனங்கற்கண்டு காய்ச்சுகிற இடத்தை நினைத்துப் பார்த்தால் போதும். சூடான பாகில் சர்க்கரை நிறையக் கரைந்திருக்கும். அதைப் பாத்திரத்தில் ஊற்றி, உள்ளே நூல்களைக் கட்டித் தொங்கவிட்டு ஆற வைப்பார்கள். ஆற ஆறப் பாகால் அவ்வளவு சர்க்கரையைத் தாங்க முடியாது. நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். மலைக்குள் நூலுக்குப் பதில் விரிசல். கீழிருந்து ஏறிய வெந்நீர் விரிசலில் வந்து ஆறியது, சில இடங்களில் கொதித்து ஆவியை இழந்தது, சில இடங்களில் மேலிருந்து இறங்கிய குளிர்நீரோடு கலந்தது. சுமந்த சுமையைச் சுவரில் இறக்கி வைத்தது. முதலில் படிகக்கல், அதனுள் கந்தகத்தோடு சேர்ந்த உலோகங்கள். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்தவைதான் சுரங்கக்காரர்கள் தேடி வந்த தாது நாளங்கள். கணவாயை ஒட்டிய மூன்று செம்மலைகளின் பக்கத்தில் அவை நீள நாளங்களாக இல்லாமல், புகைபோக்கிபோல் செங்குத்தாக நிற்கும் குழாய்களாக இருந்தன. அகலம் கொஞ்சம்தான்; உள்ளே அசாத்தியமான வெள்ளி.

சாலையின் தடமும் இங்கேதான் தீர்மானமாயிற்று. நொறுங்கிய பாறையைத் தண்ணீர் எளிதில் அரிக்கும். ஆகவே கால்டெராவின் சுற்றுமுறிவு எங்கே போயிற்றோ அங்கேயே பிற்காலத்து ஆறுகளும் வழி கண்டுகொண்டன. இன்றைக்கும் சில்வர்ட்டன் ஊரைச் சுற்றி ஆனிமஸ் ஆறும் மினரல் ஓடையும் ஏறத்தாழ அந்தப் பழைய வட்டத்தின் ஓரமாகவே வளைந்து ஓடுகின்றன. வரைபடத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஆறு அரித்த பள்ளத்தாக்கைப் பின்னாளில் பனியாறு அகலப்படுத்தியது. அகன்ற பள்ளத்தாக்கில் கழுதைத் தடம் வந்தது, பிறகு வண்டிப் பாதை, பிறகு ரயில், பிறகு தார்ச்சாலை. சில்வர்ட்டனிலிருந்து செம்மலைக் கணவாய்க்கு மினரல் ஓடை வழியாகக் கார் ஓட்டுகிறவர், அமிழ்ந்துபோன ஓர் எரிமலையின் மேற்கு விளிம்பின் மீது ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கணவாயைத் தாண்டி யூரே பக்கம் இறங்கும்போது கதை மாறுகிறது. மேலே இருக்கும் எரிமலைப் பாறை ஓரளவு மென்மை. கீழே, யூரேயை நெருங்கும்போது, ஆறு 170 கோடி ஆண்டு பழைய குவார்ட்சைட் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. மணற்கல் வெந்து இறுகி எஃகுபோல் ஆன பாறை அது. அதில் ஆற்றால் அகலமாக அரிக்க முடியவில்லை. கத்திக் கீறல்போல ஆழமாக மட்டும் வெட்டிச் சென்றது. சாலை போட்டவர்களுக்கு அடியில் இடமே இல்லை. பாறைச் சுவரில் படி வெட்டுவதுபோல் வெட்டித்தான் சாலையைத் தொங்கவிட வேண்டியிருந்தது. நம்மை நடுங்க வைக்கிற அந்த விளிம்பு, இந்தக் கடினப் பாறையின் விளைவு.

வெட்டியவர் ஆட்டோ மியர்ஸ். ரஷ்யப் பேரரசில், இன்றைய லாட்வியாவைச் சேர்ந்த பகுதியில் 1840-ல் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து பிழைத்தவர். மலைக்குள் கட்டணச் சாலைகள் போடுவது அவர் தொழில். 1883-ல் யூரேயிலிருந்து செம்மலைச் சுரங்கங்களுக்கு அவர் பாதை திறந்தார். ஆட்களைக் கயிற்றில் கட்டி இறக்கி, பாறையில் துளை போட்டு வெடிவைத்து உடைத்த பாதை. கட்டணம் வசூலிக்கக் கேட் போட்ட இடம் கரடி ஓடை அருவியின் மேலிருந்த பாலம். அங்கே ஏமாற்றிச் சுற்றிக்கொண்டு போக யாராலும் முடியாது. அந்த வண்டிப் பாதையைத்தான் 1920-களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்குத் தகுந்தபடி திருத்தி, 1924-ல் திறந்தார்கள். பெயர் வந்த கதை பல. மைலுக்கு மில்லியன் டாலர் செலவாயிற்று என்பார்கள். சாலையில் கொட்டிய மண்ணில் மில்லியன் டாலர் தங்கம் இருந்தது என்பார்கள். மில்லியன் டாலர் கொடுத்தாலும் மறுபடி இந்த வழியில் வரமாட்டேன் என்று ஒரு பயணி சொன்னதாகவும் சொல்வார்கள். இதில் எது உண்மை என்று தீர்ப்பு சொல்ல ஆதாரம் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. இந்த மலைகள் யூட் மக்களுடையவை. 1873-ல் ஒப்பந்தம் என்ற பெயரில் சுரங்க நிலம் அவர்களிடமிருந்து வாங்கப்பட்டது. 1881-ல் அன்கம்பாக்ரி யூட் மக்கள் மொத்தமாக யூட்டா பக்கம் வெளியேற்றப்பட்டார்கள். யூரே என்பது அவர்களுடைய தலைவரின் பெயர். ஊருக்கு அவர் பெயர் நிலைத்தது. ஊர் அவர் மக்களுக்கு நிலைக்கவில்லை.

சுரங்க ஊர்களின் ஆயுசு குறைவு. அயர்ன்ட்டன், கஸ்டன், செம்மலை நகர் என்று 1880-களில் சந்தடியாக இருந்த ஊர்களில் இன்று சில மர வீடுகளும் சரிந்த கொட்டகைகளும்தான் மிச்சம். சாலையிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் ‘யாங்கி கேர்ள்’ சுரங்கத்தின் உயரமான மரக்கூண்டு தனியாக நிற்பது தெரியும். அதன் கீழே செங்குத்தான சுரங்கக் குழி ஆயிரம் அடிக்கும் மேல் இறங்குகிறது. அந்தச் சுரங்கத்தின் சாவு கவனிக்கத்தக்கது. 1893-ல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தி விலை விழுந்தது எல்லாச் சுரங்கத்துக்கும் வந்த அடி. யாங்கி கேர்ளுக்கு அதற்கு முன்பே வேறொரு நோய் இருந்தது. குழிக்குள் ஊறிய தண்ணீர் அமிலமாக இருந்தது. அதை வெளியேற்ற வைத்த பம்பையும் குழாயையும் அந்தத் தண்ணீரே அரித்துத் தின்றது. மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. இந்த அமிலத்தைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

வெள்ளி விழுந்தபோது தங்கம் கைகொடுத்தது. யூரேக்கு மேலே கேம்ப் பேர்ட் சுரங்கத்தில், மற்றவர்கள் கழித்துவிட்டுப் போன கல்லைச் சோதித்துத் தங்கம் கண்டவர் தாமஸ் வால்ஷ். அவருடைய மகள் எவலின் 1911-ல் ஹோப் வைரத்துக்குச் சொந்தக்காரியானார். ஆந்திரத்தின் கிருஷ்ணா ஆற்றங்கரையில், கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்ததாகக் கருதப்படும் நீல வைரம் அது. இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலையின் மறுபக்கம், டெலியுரைடு அருகே ஏம்ஸ் என்ற இடத்தில், 1891-ல் மாறுதிசை மின்சாரத்தை நீர்விசையால் உண்டாக்கி, கம்பி வழியாக நாலு கிலோமீட்டர் அனுப்பி, தாது அரைக்கும் ஆலையை ஓட்டினார்கள். அடுப்பெரிக்க மரமே இல்லாத உயரத்தில் நிலக்கரியைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வருவதற்குப் பதில் கம்பி இழுத்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து, 1902-ல், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனதும் இதே தேவையால்தான். தங்கம் இருக்கும் இடத்துக்கு அந்தக் காலத்தில் மின்சாரம் முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

இப்போது பனிக்கு வருவோம். இந்தச் சாலையின் பனி சாதாரணமானதல்ல.

பனிச்சரிவு என்றால் அதிகம் பனி பெய்வதால் விழுவது என்றுதான் நாம் நினைப்போம். சான் ஹுவானில் ஆபத்து தொடங்குவதே குறைவாகப் பெய்வதில். அக்டோபர், நவம்பரில் முதல் பனி மெல்லிய படலமாக விழுகிறது. அதன்பின் பல நாள் தெளிந்த வானம். இரவில் மேகப் போர்வை இல்லாததால் பனியின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை குளிர்ந்துவிடும். அடியில் இருக்கும் தரையோ கோடைச் சூட்டை இன்னும் வைத்துக்கொண்டு சுழி டிகிரிக்கு அருகில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு முழம் கனமுள்ள பனி. ஒரு முழத்துக்குள் இருபது டிகிரி வித்தியாசம்! அடியில் இருக்கும் பனி உருகாமலே ஆவியாகி மேல்நோக்கி நகர்கிறது. மேலே உள்ள குளிர்ந்த மணிகளின் மீது போய்ப் படிகிறது. இது இரவும் பகலும் நடக்க நடக்க, மெத்தென்று ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த பனி, முனைகளும் தளங்களும் கொண்ட தனித்தனிப் படிகங்களாக மாறிவிடுகிறது. சில மணிகள் கிண்ணம் கவிழ்த்ததுபோல் வளரும்.

அதைக் கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது. விரலிடுக்கில் பெரிய சர்க்கரைபோல் வழிந்து கொட்டும். பனி ஆராய்ச்சியாளர்கள் சரிவில் குழி தோண்டி, அதன் சுவரை விரலால் வருடிப் பார்ப்பார்கள். மேலடுக்கு இறுகி நிற்கும். அடியில் ஒரு கை உயரத்துக்கு விரல் பட்டதும் பொலபொலவென்று உதிரும். ஜனவரியில் பெரும்புயல் வந்து ஒரு மீட்டர் புதுப்பனியைக் கொண்டுவந்து இறக்கும்போது, அது உட்காருவது இந்தச் சர்க்கரையின் மேல். கோலிக்குண்டு பரப்பிய சாய்தளத்தில் கான்கிரீட் பலகையை வைத்த கதைதான். ஒரு ஓரத்தில் நொறுங்கத் தொடங்கினால் முறிவு சரிவின் குறுக்கே ஓடிப் பலகை முழுவதும் பெயர்ந்து வருகிறது.

பனிச்சரிவு அதிகம் நடப்பது 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில். அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காது, சேரச் சேர உதிர்ந்துவிடும். அதைவிடச் சாய்வு குறைந்தால் பெரும்பாலும் நகராது. பனியாறுகள் உளி வைத்துச் செதுக்கிய இந்தப் பள்ளத்தாக்குகளின் பக்கச் சுவர்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் நிற்கின்றன. சுவரின் காலடியில் சாலை. கீழே வந்த பனி பரவி ஓய்வதற்கு வெளி இல்லை.

யூரேக்குத் தெற்கே ‘கிழக்கு ரிவர்சைடு’ என்ற பனிச்சரிவுத் தடம் இவற்றில் கொடியது. 1963-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில்வர்ட்டனில் ஆராதனை நடத்தப் போய்க்கொண்டிருந்த ஒரு போதகரையும் அவருடைய இரண்டு மகள்களையும் அது எடுத்துக்கொண்டது. 1970, 1978, 1992 ஆகிய ஆண்டுகளில் பனி வழிக்கப் போன மூன்று ஓட்டுநர்களை இந்தச் சாலை பலிவாங்கியது. மற்றவர்கள் போவதற்காக வழியைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள். 1985-ல் அங்கே சாலைக்கு மேல் கான்கிரீட் கூரை போட்டார்கள், பனி அதன் மீது ஓடிப் பள்ளத்தில் விழுவதற்காக. ஆனால் அதன் நீளம் சுமார் 180 அடிதான். சரிவுத் தடம் அதைவிட அகலம். 1992-ல் செத்தவர் அந்தக் கூரைக்குப் பக்கத்திலேயே, அதன் நிழல் எட்டாத இடத்தில் செத்தார். செலவைக் குறைக்க ஒரு கூரையை வெட்டிச் சுருக்கும்போது எதை வெட்டுகிறோம் என்பதை அந்த இடம் காட்டுகிறது. எனக்கு அதை ஆறிய மனதோடு எழுத வரவில்லை.

இன்றைக்கு மாநிலப் பனிச்சரிவுத் தகவல் மையத்தின் முன்னறிவிப்பாளர்கள் குளிர்காலம் முழுவதும் சாலைத் துறையோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஆபத்து கூடினால் சாலையை மூடுகிறார்கள். பிறகு தாங்களே பனியை விழ வைக்கிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து வெடிகுண்டு போடுவார்கள். சரிவின் தலையில் நட்டு வைத்த வளைந்த பெரிய குழாய்களில் புரோப்பேனையும் ஆக்சிஜனையும் கலந்து தூரத்திலிருந்தே வெடிக்க வைப்பார்கள். பனி சிறிது சேர்ந்ததுமே, ஆள் இல்லாத நேரத்தில், சின்னச் சின்னதாக இறக்கிவிடுவதுதான் உபாயம்.

கோடையில் இதே பனி உருகி இன்னொரு வேலைக்குப் போகிறது. செம்மலைகள் மூன்றும் செங்கல் சூளைபோல் சிவந்து நிற்பதன் காரணம் அதில் இருக்கிறது.

வெந்நீர் இறக்கி வைத்த தாதுக்களில் மிக அதிகம் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். பார்க்கத் தங்கம்போல் மின்னும், விலை கிடையாது. பாறைக்குள் காற்றுப்படாமல் இருக்கும்வரை அது சாது. காற்றும் தண்ணீரும் சேர்ந்து தொட்டால் உடைகிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. இரும்பு தண்ணீரில் கரைகிறது. அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம், செம்பு, காட்மியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. நடுவே சில பாக்டீரியாக்கள் இந்த இரும்பையே உணவாக வைத்துப் பிழைக்கின்றன. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைவதை அவை பல மடங்கு வேகப்படுத்துகின்றன. அப்படி மாறிய இரும்பு மறுபடி பைரைட்டைத் தாக்குகிறது. ஒருமுறை பற்றிக்கொண்டால் தன்னையே ஊதி வளர்த்துக்கொள்ளும் நெருப்பு மாதிரி.

நம் ஊரில் இரும்புச் சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்தால் முதலில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மஞ்சளாகி, அடியில் செம்மண் வண்டல் உட்கார்ந்திருக்கும். செம்மலை ஓடையில் நடப்பதும் அதே. மிகுந்த அமிலமாக இருக்கும்வரை இரும்பு கரைந்தே கிடக்கிறது. நல்ல தண்ணீரோடு கலந்து அமிலம் தணிந்ததும் ஆரஞ்சு வண்டலாகக் கல்லில் ஒட்டுகிறது. இன்னும் தணிந்தால் அலுமினியம் வெள்ளை மாவுபோல் படியும். துத்தநாகம் படியாமல் வெகுதூரம் போகும். கண்ணுக்குத் தெரியாத அதுதான் மீனுக்கு அதிகக் கெடுதல்.

இதெல்லாம் சுரங்கக்காரர்கள் செய்த பாவமா? பாதிதான். மனிதன் தோண்டுவதற்கு முன்பே இந்த ஓடைகள் சிவந்திருந்தன. அன்கம்பாக்ரி என்ற யூட் சொல்லுக்கே சிவந்த நீரூற்று என்று வழக்கமாகப் பொருள் சொல்கிறார்கள். அதைவிட உறுதியான சாட்சி ஓடைக்கரையில் கிடக்கிறது. ஊற்றில் வந்த இரும்பு, சரளைக் கற்களைச் சிமெண்டுபோல் ஒட்டித் துருநிறப் பாறையாக்கியிருக்கிறது. அதற்குள் மரத்துண்டுகள் சிக்கியிருக்கின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் அந்த மரத்தின் வயதைக் கார்பன் முறையில் கணக்கிட்டபோது, சில துண்டுகள் பல ஆயிரம் ஆண்டுப் பழமை என்று தெரிந்தது. அந்த மரம் விழுந்த நாளிலேயே ஓடையில் அமிலம் ஓடியிருக்கிறது. சுரங்கம் செய்தது வேறு. மலைக்குள் கிலோமீட்டர் கணக்கில் பாதை குடைந்து, பைரைட் முன்பு காணாத காற்றை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. உள்ளே ஊறிய நீர் தடையில்லாமல் வெளியே ஓட வாய்க்காலும் வெட்டிக் கொடுத்தது.

சில்வர்ட்டனுக்கு வடக்கே சன்னிசைடு என்ற பெரிய சுரங்கம். 1978 ஜூன் 4-ஆம் தேதி, மேலே இருந்த எம்மா ஏரியின் அடித்தளம் உடைந்து, ஏரி முழுவதும் சுரங்கத்துக்குள் இறங்கிக் கீழே வாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒருவரும் இல்லை. கிழமை மாறியிருந்தால் நினைக்கவே முடியாது. 1991-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் வடிகால் சுரங்கப்பாதையிலிருந்து ஓயாமல் வந்த அமில நீரைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பதற்குப் பதில், 1996 முதல் பாதைக்குள் கான்கிரீட் அடைப்புகள் வைத்தார்கள். தண்ணீர் உள்ளே உயர்ந்து பழையபடி பாறையை நிரப்பினால் காற்றுப்படாது, அமிலம் பிறக்காது என்பது கணக்கு. கணக்கு தவறல்ல. ஆனால் விரிசல் விழுந்த மலையில் தண்ணீரை ஒரு வாசலில் அடைத்தால் இன்னொரு வாசலைத் தேடும். அதன்பின், அதுவரை ஏறக்குறைய வறண்டிருந்த பக்கத்துச் சுரங்கங்களில் நீர் கசியத் தொடங்கியது. அவற்றில் ஒன்று கோல்ட் கிங்.

2015 ஆகஸ்ட் 5. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் கோல்ட் கிங்கின் சரிந்து அடைபட்ட வாயை ஆராய்வதற்காக மண்ணை அகற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதைத் துளை போட்டுப் பார்க்கவில்லை. அடைப்பு உடைந்தது. சுமார் 30 லட்சம் கேலன், நம் கணக்கில் ஒரு கோடியே 10 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாக நிறுத்தினால் 900 லாரிக்குக் குறையாது. ஆனிமஸ் ஆறு கடுகுக் குழம்பு நிறத்தில் டுராங்கோ நகரத்தின் வழியாக ஓடிய படங்கள் உலகம் முழுவதும் பரவின. கீழே சான் ஹுவான் ஆற்றை நம்பிப் பயிர் செய்யும் நவஹோ விவசாயிகள் பாசன வாய்க்கால்களை அடைத்துவிட்டுக் காயும் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிர்ச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. டுராங்கோவில் ஆற்றுக்குள் கூண்டில் விட்டுச் சோதித்த மீன்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. நிறத்தைக் கொடுத்தது இரும்பு வண்டல். அது பயமுறுத்திவிட்டு நகர்ந்துவிட்டது. நகராமல் இருப்பது தினசரிக் கசிவு. இந்தச் சுரங்க வட்டாரத்திலிருந்து நாளொன்றுக்கு 54 லட்சம் கேலன் அமில நீர் ஆனிமஸின் தலைப்பகுதிக்கு வருவதாக அதே முகமை மதிப்பிட்டது. அதாவது கோல்ட் கிங் வெடிப்பில் ஒரே நாளில் வந்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒவ்வொரு நாளும், யாரும் படம் பிடிக்காமல். 2016-ல் 48 இடங்களைச் சேர்த்து ‘பொனிட்டா சிகரச் சுரங்க வட்டாரம்’ என்று அரசின் தீவிரத் தூய்மைப் பட்டியலில் வைத்தார்கள்.

மலைக்கு வெளியே செய்ததும் மலைக்கு வந்து சேர்கிறது. செம்மலைக் கணவாயை ஒட்டிய செனட்டர் பெக் படுகையில் பனியை அளக்கிறவர்கள், வசந்த காலத்தில் பனியின் மேல் பழுப்புப் படலம் படிவதைப் பார்த்தார்கள். மேற்கே யூட்டா, அரிசோனா பாலை நிலங்களிலிருந்து காற்று கொண்டுவரும் புழுதி. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அழுக்குப் பனி குடித்துவிடும். தூசியால் பனி மூன்று வாரம் முதல் ஏழு வாரம் வரை முன்கூட்டியே உருகி முடிகிறது. பக்கத்து ஏரிகளின் அடிமண்ணைத் துருவி எடுத்துப் பார்த்ததில், 19-ஆம் நூற்றாண்டில் மேற்கில் ஆடுமாடுகளும் குடியேற்றமும் பெருகியதற்குப் பிறகு இந்தப் புழுதி வரத்து பழைய அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது தெரிந்தது. மேய்ச்சலில் மேல்மண்ணின் தோல் கிழிந்தது அங்கே. பனி சீக்கிரம் கரைவது இங்கே.

சில்வர்ட்டனிலிருந்து சிமெண்ட் ஓடையோரமாக மண்பாதையில் சில கிலோமீட்டர் போனால் கிளாட்ஸ்டன். ஒரு காலத்தில் ஊராக இருந்த இடம். கோல்ட் கிங் வாயிலிருந்து இன்னும் வழிகிற நீரை 2015 அக்டோபரில் தொடங்கி அங்கே ஒரு நிலையத்தில் பிடிக்கிறார்கள். செய்வது மிகப் பழைய வைத்தியம்: சுண்ணாம்பு. அமிலத்தில் சுண்ணாம்பு சேர்ந்ததும் இரும்பும் துத்தநாகமும் பிரிந்து சேறாக அடியில் இறங்குகின்றன. தெளிந்த நீர் ஓடையில் விடப்படுகிறது. சேறு சேர்ந்துகொண்டே போகிறது, அதை வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. பனி பெய்து சாலை மூடும் மாதங்களிலும் நிலையம் நிற்பதில்லை. உள்ளே தண்ணீர் இறங்கும்வரை சுண்ணாம்பு மூட்டை மலையேறிக்கொண்டே இருக்க வேண்டும்.